சாம்பல் நிறச் சொற்கள்

சிவகாமசுந்தரிக்குச் சின்ன வயதிலேயே அவள் அம்மா முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். யாராவது வாயைத் திறந்தால் போதும், மீதியை இவள் சொல்லி முடித்துவிடுவாள். சிங்கப்பூரில் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் ஏறுகிற பக்கத்து வீட்டுக்காரர் "இன்னைக்கு ரொம்ப..." என்று ஆரம்பித்தால், "வெக்கை லா அங்கிள்" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவள் கெட்டுப்போனதற்கு அதுதான் காரணம். சரியாகச் சொல்கிற வாயை யார் அடக்குவார்கள்?

அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கவும் ஓர் அலுவலகம் கிடைத்தது அவள் யோகம். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் ஒன்றை அங்கே உருவாக்குகிறார்கள். ஒருவர் ஒரு வரியைத் திருத்தத் தொடங்கினால், அடுத்து எதைத் திருத்துவார் என்று எடிட்டரே ஊகித்து, வெளிறிய சாம்பல் நிறத்தில் காட்டும். பிடித்திருந்தால் டேப் விசையை ஒரு தட்டு. சாம்பல் கறுத்து நிலைத்துவிடும். பிடிக்காவிட்டால் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம். அந்தச் சாம்பல் எப்போது தோன்ற வேண்டும், எவ்வளவு நீளமாக, எவ்வளவு மங்கலாக என்று வடிவமைப்பதுதான் சிவகாமசுந்தரியின் வேலை.

நாளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து, வெளியே வந்தாலும் அவளுக்கு உலகம் அப்படித்தான் தெரிந்தது. ரயிலில் எதிரே தூங்கி வழியும் பெண்ணின் தோளருகே, அவள் திடுக்கிட்டு எழப்போவது மங்கலாக மிதக்கும். சிராங்கூன் சாலையில் பூக்கடைக்காரர் நூலை இழுக்குமுன்பே அடுத்த மல்லிகை சரத்தில் ஏறியிருக்கும். மழை வரப்போகும் மாலைகளில், குடைகள் விரியுமுன்பே அவற்றின் சாம்பல் வட்டங்கள் சாலை முழுக்க மலர்ந்து நிற்கும். அந்த மயக்கத்திலேயே அவள் நடப்பாள். இதுவரை யார் மேலும் மோதாதது அதிசயம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் யார் தெரியுமா? அழகப்பன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கப்பல் பட்டறையில் பொறியாளராக இருந்தவன். நல்லவன், நிதானமானவன், பேச்சுதான் திக்கும். தேக்கா உணவங்காடியில் வேறு இடமில்லாமல் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த அன்று, கடைக்காரரிடம் அவன் "ம்... ம்..." என்று தவித்தான். சிவகாமசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. "மசால் தோசை" என்று முடித்துவைத்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அதே மேசை, அதே மசால் தோசை. அவன் உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடுவான். உடம்பைக் குறைக்கிறான்போல என்று நினைத்துக்கொண்டாள். அவன் திக்கும் இடமெல்லாம் அவள் சொல்லெடுத்துக் கொடுத்தாள். அதை அன்பு என்றே நம்பினாள். ஊரெல்லாம் அவளைச் சிவா என்று சுருக்கியபோது, அவன் ஒருவன்தான் முழுப் பெயரையும் நின்று நின்று கடைசிவரை சொன்னான். அதை மட்டும் அவள் குறுக்கிடாமல் கேட்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை, பொங்கோல் நீர்வழியோரம் நடந்துகொண்டிருந்தபோது அவன் நின்றான்.

"சி... சிவகாமசுந்தரி, என் கான்ட்ராக்ட் முடியுது. அடுத்து நான்..."

நாக்கு தடுக்கியது. அவன் கண்கள் தண்ணீருக்குப் போயின. ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? சாம்பல் எழுத்து முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஊருக்கே போயிடலாம்னு இருக்கீங்க. அதானே?"

அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"நல்லதுதான் லா" என்றாள் வீறாப்பாக. வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அலுவலகத்தில் நிதீஷுக்கு ஒரே குஷி. அவளோடு வேலை பார்க்கிறவன். எண்கள் என்றால் உயிர்.

"அக்கா, எவ்வளவு பேர் டேப் தட்டுறாங்க பாருங்க. நம்ம டிசைன் சூப்பர் லா."

"தட்டுனதுக்கு அப்புறம் என்ன பண்றாங்க?"

"அது எதுக்கு? தட்டிட்டாங்கல்ல."

சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் திரைப்பதிவுகளை அவள் ஓடவிட்டாள். ஒருவர் தட்டினார், சற்று நின்றார், வந்ததை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதினார். இன்னொருவர் ஒரு வரியைப் பாதி எழுதியிருந்தார். சாம்பல் வந்ததும் கை நின்றது, தட்டினார். அவர் எழுத வந்தது அதுவல்ல என்பது அந்தப் பாதி வரியிலேயே தெரிந்தது. இருந்தும் அப்படியே விட்டுவிட்டார். மறுத்துச் சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபம்.

சிவகாமசுந்தரிக்குத் திரை கலங்கியது. எழுத்தெல்லாம் கரைந்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய உருளைக்கிழங்கு வந்து நின்றது. வாரா வாரம் ஒதுக்கினானே. அட பாவி, அவனுக்கு மசால் தோசையே பிடிக்காதா?

"நிதீஷ், அவங்க கை நின்ன உடனே நாம காட்டக்கூடாது. யோசிக்க விடணும்."

"நம்பர் விழும் அக்கா."

"விழட்டும்."

அன்றே அழகப்பனுக்குச் செய்தி அனுப்பினாள், சனிக்கிழமை தேக்காவுக்கு வாருங்கள் என்று. வந்தான். கடைக்காரர் பழக்கத்தில் "மசால்தானே?" என்றார்.

"அவரே சொல்லட்டும், அண்ணே."

"ம்... ம்..."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டுமே.

"மு... முட்டை தோசை."

அதை அவன் ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீங்க ஆ... ஆசையா சொன்னீங்க."

"பொங்கோல்ல என்ன சொல்ல வந்தீங்க? நான் வாயே திறக்கமாட்டேன்."

அங்காடியின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போனது. போகிறேன், மறந்துவிடு, மன்னித்துவிடு என்று சாம்பல் சொற்கள் தேநீர் ஆவியோடு எழுந்தன. அவள் எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின.

"அடுத்து நான்... வே... வேற பட்டறையில வேலை தேடிக்கிட்டேன். இங்கேயே. உங்க அப்பாவைப் பார்க்க வ... வரலாமான்னு கேக்க வந்தேன். நீங்க ஊருக்குன்னு சொன்னதும், அதான் உங்க விருப்பம்னு நினைச்சேன்."

முந்திரிக்கொட்டை வாயைத் திறந்தாள்.

"நான்..." என்றாள். "நான்..."

மேலே வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எந்த முட்டாளுக்கும் பதில் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவன் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.