யூலிற்றா கைவிட்ட ஒருசந்தி

யூலிற்றா என்ர தம்பி கிறிஸ்தோப்பரின்ர பெண்சாதி. பெரிய வெள்ளியிலையும் கோயில் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறாளில்லை, வீட்டிலை இருந்து சோறு தின்னுறாள் எண்டு ஊரிலை கதைக்கினம். வாய் இருக்கிறவை கதைக்கட்டும். நான் பக்கத்து வளவுக்காரி. கண்டதைச் சொல்லுறன்.

அவள் முல்லைத்தீவுக் கரையிலை மீன் வெட்டிக் கருவாடு போட்டு வளந்தவள். வாயும் லேசுப்பட்டதில்லை. கலியாணம் முடிச்சு வந்த புதுசிலை என்னோடையே சண்டை பிடிச்சவள். அதாலைதான் எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு.

மகள் பிறின்சி பிறந்து ரெண்டாம் நாளே கை கால் இழுத்து நீலம் பாரிச்சுது. மாந்தம் எண்டு சொன்னவையும் உண்டு. கொழும்புக்குக் கொண்டு போனாப் பிறகுதான் விளங்கினது. சீனி வருத்தக்காரருக்குக் காணாமல் போற இன்சுலின் இந்தப் பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சிச் சுரக்குதாம். அது ரத்தத்திலை இருக்கிற சீனியை இறக்கிப் போடும். சீனி இறங்கினால் மூளை பட்டினி. "பிள்ளையின்ர வயிறு காயவே கூடாது" எண்டு சொல்லி, மருந்தும் தந்து விட்டினம்.

அதுக்குப் பிறகு யூலிற்றாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மூண்டு மணித்தியாலத்துக்கொருக்கா எழும்பி, பிள்ளையின்ர விரலிலை குத்திச் சீனி பாத்து, பால் பருக்குவாள். வளர வளர சோளமா கரைச்ச பால், பள்ளிக்கூடப் பைக்குள்ளை பிஸ்கட், குளுக்கோஸ். வெள்ளிக்கிழமைகளிலை மாதாவுக்கெண்டு தான் ஒருசந்தி இருப்பாள். பகல் முழுக்க வாயிலை ஒண்டும் வைக்கமாட்டாள். பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு தான் காய்வாள்.

மருந்து பிள்ளையைக் காப்பாத்தினது. ஆனால் முகத்திலையும் முதுகிலையும் மயிர் முளைக்க வைச்சுப் போட்டுது. பள்ளிக்கூடத்திலை குரங்குக்குட்டி எண்டு பேர். பிறின்சி வீட்டுக்கு வந்தவுடனை கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள்.

போன வருசம் தவக்காலத்திலை நாங்கள் ரெண்டு பேரும் மீன் வெட்டிக்கொண்டிருக்க, பிறின்சி பக்கத்திலை வந்து குந்தினாள்.

"அம்மா, ஒருசந்தி இருந்தால் கேட்டது கிடைக்குமோ?"

"மனசார இருந்தால் மாதா கேட்பா பிள்ளை," எண்டாள் யூலிற்றா, செதிள் உரிச்சபடி. எங்கடை ஆக்களிலை எந்தத் தாயும் அதைத்தானே சொல்லுவாள்?

பெரிய வெள்ளி வந்தது. அண்டைக்குச் சனத்துக்குக் கஞ்சி காய்ச்சிற முறை எங்கடை பகுதிக்கு. யூலிற்றா விடிய எழும்பிச் சீனி பாத்து, சோளமாப் பாலைக் கரைச்சு மகளின்ர கையிலை குடுத்து, "குடிச்சிட்டு அப்பாவோடை வா" எண்டிட்டு ஓடினாள். மற்ற நாளிலை குடிச்சு முடியுமட்டும் பக்கத்திலை நிக்கிறவள்.

சிலுவைப்பாதை முடியிற நேரம் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டினது.

"பிஸ்கட் சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா. இன்னும் கொஞ்ச நேரந்தானே."

வெயில் எண்டு நினைச்சு, நிழலிலை இருத்திப்போட்டு யூலிற்றா கஞ்சிக் கிடாரத்தடிக்குப் போனாள். நாங்கள் சிலுவையை முத்தமிட்டுப்போட்டு வர, பிள்ளை நித்திரை மாதிரிச் சரிஞ்சு கிடந்தது. எழுப்ப எழும்பேல்லை. பிறகு கை கால் இழுக்கத் துவங்கினது. பல்லுக் கிட்டிப் போய்க் குளுக்கோஸ் உள்ளை இறங்கேல்லை. ஓட்டோவிலை ஆசுபத்திரிக்கு ஓடினம். ஊசி போட்டுச் சீனியை ஏத்திப்போட்டினம். பழைய பிறின்சி திரும்பி வரேல்லை.

கோயிலுக்குக் கொண்டு போன பைக்குள்ளை பிஸ்கட் பிரிக்காமல் கிடந்தது. உடுப்பெடுக்க நான் அவையின்ர வீட்டை போனால், முருங்கையடியிலை ஊத்தின பாலை எறும்பு மொய்ச்சுக் கிடக்கு. மறைக்க ஏலுமோ? யூலிற்றாவுக்குச் சொன்னன். அவள் அழேல்லை.

"மயிர் போகவேணுமெண்டு ஒருசந்தி இருந்திருக்கிறாள் மச்சாள்," எண்டு மட்டும் சொன்னாள்.

இப்ப பிறின்சி பாயிலை. மூக்காலை குழாய். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கதை இல்லை. பெரியாசுபத்திரியிலை பழைய மருந்தை நிப்பாட்டி ஊசிக்கு மாத்தி விட்டினம். தம்பி கடலுக்குப் போறான், வாறான், ஒருத்தரோடையும் முகம் பாத்துக் கதைக்கிறதில்லை.

இந்த முறை பெரிய வெள்ளி, வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு யூலிற்றாவைக் கூப்பிடப் போனன். மகளுக்குக் குழாயாலை பால் விட்டு முடிச்சு, பக்கத்திலை இருந்து பழஞ்சோறு தின்னுகொண்டிருந்தாள்.

"சிலுவைப்பாதைக்கெண்டாலும் வாவன் யூலி."

அவள் பிள்ளையின்ர கன்னத்தைப் புறங்கையாலை தடவினாள். அந்தக் கன்னம் இப்ப சரியான வடிவு.

"பாருங்கோ மச்சாள், ஒரு மயிர் இல்லை. மாதா கேட்டிட்டா."

எண்டிட்டு அடுத்த வாய்ச் சோத்தை எடுத்து வைச்சாள். கோயிலுக்குத் தனியத்தான் போனன்.