பேனலில் தொங்கிய சட்டை

போன வாரம் வெம்பக்கோட்டைப் பக்கம் தம்பியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் ஆள் யாரும் இல்லை. திடீரென்று மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் கொட்டியது. ஓடிப்போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். சிவகாசிக் கடையில் இருந்த தம்பிக்குப் போன் போட்டால் சிரிக்கிறான்.

“நாந்தான்க்கா போட்டேன். இங்கன கல்லாவுல ஒக்காந்துக்கிட்டு செல்லை அமுக்குனா அங்கன மோட்டார் ஓடும்.”

“கெணத்துல எவனும் எறங்கியிருந்தா?”

“ஒனக்கு எப்பவும் கெட்ட நெனப்புதான்” என்று வைத்துவிட்டான்.

கெட்ட நினைப்பு சும்மா வருமா? மோட்டாரின் சூட்டு வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மெழுகு வாடை வந்துவிட்டது. முன்பு நான் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில் முக்குவார்கள். அந்த வாடை தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கும் போகாது. நாங்கள் வேனில் ஏறினால் டிரைவர், “மெழுகுவத்தியெல்லாம் ஏறியாச்சா?” என்பார். “ஒம் மூஞ்சியில பத்தவைக்கவா?” என்பாள் சுப்புத்தாய். அவள் எங்கள் தெருக்காரி. உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

செல்போன் எங்கள் பக்கம் புதுசாக வந்த காலம். முதலாளி குச்சி முக்குகிற பெரிய மிஷின் ஒன்றை இறக்கினார். முன்னால் ஒரு பேனல். தொட்டால் கேட்கிற திரை. அதை ஓட்ட என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இருந்தாலும் எந்தப் படம் வந்தால் மெழுகுச் சூடு குறைகிறது, எந்த நிறம் வந்தால் சங்கிலி இறுகுகிறது என்பதெல்லாம் அத்துப்படி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தது எங்கள் வீட்டில் நான்தான் முதல். பவுடர் பூசிக்கொண்டு போவேன். மெழுகுப் புகையில் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது!

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நாங்கள் வேலை பார்ப்போம். மிஷினுக்குள் கை விட்டு மெழுகுக் கட்டியைச் சுரண்டப் போகிறவள், சட்டையைக் கழற்றிப் பேனல் மேல் தொங்கவிட்டுப் போவாள். தொளதொளத்த கை சங்கிலியில் மாட்டக் கூடாது என்பது ஒரு காரணம். திரை மறைந்துவிடும் என்பது இன்னொன்று. அவளே வந்து எடுக்கிற வரைக்கும் வேறு யாரும் தொடக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை, நாங்களாக வைத்துக்கொண்டது.

அதோடு மெயின் சுவிட்சையும் அணைப்போம். அதைக் கெடுத்தது டெலிபோன் கம்பி. மிஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் கோயம்புத்தூர் என்ஜினியர் பஸ் ஏறி வர நேரமாகிறது என்று, கம்பியை மிஷினோடு சேர்த்துவிட்டார்கள். அவர் அங்கே இருந்தபடியே என் திரையைப் பார்ப்பார், மிஷினுக்குள் எழுதியிருப்பதை மாற்றுவார், ஓட்டியும் பார்ப்பார். நான் தொடாமலே எண்கள் மாறும்போது வீட்டுக்குள் வேறு யாரோ நடமாடுவது போல இருக்கும். “மெயினை அணைச்சிராதீக, லைன் கட்டாயிரும்” என்று போர்மேன் அண்ணாச்சி கண்டித்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குக் காவல் அந்தச் சட்டை மட்டும்தான். கோயம்புத்தூரில் இருப்பவருக்குச் சட்டை தெரியுமா?

பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த சமயம். மிஷினை நிறுத்தியிருந்தோம். சுப்புத்தாய் சட்டையைத் தொங்கவிட்டு உள்ளே கை விட்டிருந்தாள். நான் பக்கத்தில் குனிந்து, ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் மெழுகு வாங்கச் சட்டியுமாக நின்றேன். சங்கிலி நகர்ந்தது.

“மதினீ!” என்று கத்தினாள் சுப்புத்தாய்.

சட்டையைப் பிடுங்கி எறிந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கோயம்புத்தூரோடு பேசிக்கொண்டிருந்த போர்மேன் செல்லைக் காதில் வைத்தபடியே ஓடிவந்து, “சார், நிறுத்துங்க சார், உள்ள ஆள் இருக்கு!” என்று அலறினார். அவளுடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. மற்றவர்கள் ஓடி வந்தபோது அவர்கள் கண்ணில் பட்டது, பேனல் மேல் இருந்த என் கை.

விசாரிக்க அதிகாரி வந்தார். மிஷின் தனக்குள் பதிந்து வைத்ததைப் பார்த்தார்கள். மிஷினை யாரோ ஓட்டியது மட்டும் அதில் இருந்தது. “பேனல்ல அமுக்குனதுதான்” என்றார் போர்மேன். கோயம்புத்தூரிலிருந்து வேறொரு என்ஜினியர் வந்திருந்தார். அவரை ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

“எங்கன இருந்து ஓட்டுனாகன்னு அதுல தெரியாதாய்யா?”

“தெரியாதும்மா. இங்க அமுக்குனாலும் அங்க இருந்து ஓட்டுனாலும் ஒரே இடத்துல போய் விழற மாதிரி எழுதிட்டாங்க. பிரிச்சு எழுதியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.” கொஞ்சம் தயங்கி, “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார்.

என் வீட்டு அடுப்படியில்கூட மிளகாய்க்கு ஒரு டப்பா, மல்லிக்கு ஒரு டப்பா.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை சுப்புத்தாய். என் இரண்டு கையும் அவள் முகத்துக்கு முன்னால்தானே இருந்தன. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதிகாரியிடம் சொன்னாள்: “மதினி தெரியாமத்தான் அமுக்கிருச்சுய்யா. மனசறிஞ்சு செய்யல.”

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன்டி இப்படிச் சொன்ன?”

“எம் மகனுக்கு ஆபீஸ்ல வேலை தாரேன்னுட்டாக மதினி. ஒனக்கு ரெண்டு கையும் இருக்குல்ல, எங்கனயும் பொழச்சுக்கிடுவ.”

  நான் கோபப்படக்கூட அவளுடைய கட்டுப் போட்ட கை விடவில்லை, அதுதான் கொடுமை.

எனக்கு வேலை போனது. காலண்டருக்குத் தகரம் அடிக்கிற கம்பெனிக்குப் போனேன். “விரலெடுத்தவ வந்துட்டா, கையைப் பாத்து வைங்கடி” என்று அங்கேயும் சிரித்தார்கள்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மிஷின் பழைய இரும்புக்குப் போயிற்று, உள்ளே எழுதியிருந்ததும் அதோடு போயிற்று. போர்மேன் அண்ணாச்சி செத்துப் பல வருடம் ஆகிறது. அங்கிருந்து ஓட்டிய என்ஜினியருக்குப் பெயர் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது.

போன தையில் சுப்புத்தாயும் போய்விட்டாள். கேதத்துக்குப் போய் வாசலிலேயே நின்றேன். அவள் மகன் வெளியே வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “உள்ள வாங்கத்தை. எங்கம்மா ஒங்களை எப்பவோ மன்னிச்சிட்டாக.”

நான் அமுக்கவில்லை என்று சொல்லச் சாட்சி ஒருத்தரும் மிச்சமில்லை. உள்ளே போய் மாலையை வைத்துவிட்டு வந்தேன்.