நான் இறந்துபோன செய்தி

இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து அச்சுக்கடையில், நான் இறந்துவிட்டதாகத் தெரிந்துகொண்டேன்.

தங்கை வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கப் போயிருந்தேன். கடைக்காரர் கணினியில் திறந்தது நான் எழுதிய மென்பொருள். தமிழில் பக்கம் வடிவமைப்பதற்காக இளவயதில் எழுதி, மூல நிரலோடு சும்மா கொடுத்தது.

முருகன் படத்தை வைப்பதற்கு முன் அவர் சேவ் செய்தார். பிறகு மானிட்டரைத் தொட்டுக் கும்பிட்டார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"படம் வெச்சா சில நேரம் நின்னுடுதுங்க. மத்தபடி தங்கமா ஓடிகினு இருக்குது. இத செஞ்சவரு பூட்டாரு. நல்ல மனுசன், பாவம்."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? எத்தினி வருசமா புதுசே வரல. உயிரோட இருந்தா இப்படி உட்டுடுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது.

"நிரல் எல்லாருக்கும் தொறந்துதான இருக்குது? தெரிஞ்சவங்க யாராவது சரி பண்ணலாமே?"

"ஆங், எங்க மச்சான் பொண்ணு மெட்ராஸ்ல அதான் படிக்குது. பாத்துட்டு, ஒரே ஒரு இடத்துலதான் தப்பு, மாத்திடலாம்னுச்சி. நான்தான் கை வெக்காதன்னுட்டேன். செத்தவரு செஞ்சதுங்க. அப்படியே இருக்கட்டும்."

யாராவது கை வைக்கட்டும் என்றுதான் அதைத் திறந்தே வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிழையை நானே திருத்திவிட்டேன். இன்னும் வெளியிடவில்லை. வெளியிட்டால் எனக்கு உயிர் வந்துவிடும். நல்ல மனுசன் என்ற பேர் போய்விடும்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.