பக்கம் பிரிக்காத பிரதி

மாடி வீட்டுப் பெண் போன வாரம் ஒரு புத்தகத்தோடு வந்தாள். அவளே எழுதியதாம். எனக்கு ஒரே சந்தோஷம். "ஆன்ட்டி, ஆன்லைன்ல ஒரு ரிவ்யூ போடணும், ப்ளீஸ்" என்றாள். கண் முன்போல இல்லை, படித்து முடிக்க ஒரு மாதம் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டேன். "ஐயோ, படிக்கல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. அஞ்சு ஸ்டார் அழுத்தினாப் போதும்" என்று சொல்லி, என் போனை வாங்கி, எங்கே அழுத்த வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கமான பெண். யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருந்ததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அவள் போனதும் புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், பழைய பழக்கம். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் நாளில் புதுப் புத்தகம் என்றால் அச்சு மை, அச்செழுத்துக் கழுவிய மண்ணெண்ணெய், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை எல்லாம் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் வாடை வந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது. தென்னூரில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகைதான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். கீழே அச்சகம், மேலே அலுவலகம். மிஷின் ஓடினால் மேலே எங்கள் மேஜையெல்லாம் நடுங்கும். அதனால் என் கையெழுத்து கெட்டுப்போனது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்பும் அது அப்படித்தான் இருந்தது. மாணிக்கம் சார்தான் முதலாளி, அவரேதான் ஆசிரியர். நான் புரூஃப் பார்ப்பேன், ஒழிந்த நேரத்தில் புத்தக மதிப்புரையும் எழுதுவேன். பேர் பெற்ற எழுத்தாளர்களின் புத்தகமெல்லாம் மெட்ராஸ் பத்திரிகைகளுக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது யாரும் கேள்விப்படாதவர்கள் எழுதியது. ரிடையரான தாசில்தார் நாடகம் எழுதியிருப்பார், ஓவர்சீயர் ஒருவர் வெண்பாவில் இறங்கியிருப்பார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேரன் பேத்தி எடுத்த அந்த மனிதர்களுக்கு "வாழ்க்கையை இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும்" என்று கூசாமல் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தலைமுறைக்கு ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். சின்ன அச்சகங்களில் ஓரம் வெட்டுகிற மிஷின் இருக்காது. பெரிய தாளில் பதினாறு பக்கம் அடித்து, மடித்து, தைத்து, அட்டை ஒட்டி அப்படியே அனுப்பிவிடுவார்கள். மடிப்பைக் கிழித்துப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் பக்கத்தைப் படிக்க முடியும். பிரிக்க ஒருவர் ஸ்கேல் வைத்திருப்பார், ஒருவர் பழைய சவர பிளேடு வைத்திருப்பார். எனக்குக் கொண்டை ஊசி. நாலு பக்கம் பிரிப்பேன், படிப்பேன், ஊசியைத் தலையில் செருகிக்கொள்வேன். ஒரு நாளில் எத்தனை தடவை செருகினாலும் அது தொலையாது. ரேஷன் அட்டைதான் தொலையும்.

எங்கள் பத்திரிகையின் பெரிய மதிப்புரையாளர் நான் இல்லை, சாரங்கபாணி சார். ஸ்ரீரங்கத்துக்காரர். கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பஞ்சகச்சம், துணிப்பை, நெற்றியில் திருமண். அவருக்குத் தெரியாத பாட்டில்லை, ஆனால் புதுப் புத்தகத்தின் மேல் மரியாதை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் முன்னுரையை முடிப்பார். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்குவதற்குள் கடைசிப் பக்கம் முடிந்துவிடும். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தால் மதிப்புரை கொட்டும். "நடை ஆற்றொழுக்காகச் செல்கிறது. தமிழ் கூறும் நல்லுலகம் வரவேற்கும். அச்சும் அமைப்பும் அழகு." நாவலுக்கும் இதுதான், சித்த வைத்தியத்துக்கும் இதுதான். புத்தகம் போட்டவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் குடையும் கையுமாக மாடிப்படி ஏறி வந்தார். பெயர் தைலம்மை, எடமலைப்பட்டி புதூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கிணறு வெட்டுகிற குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதி, தானே அச்சுப் போட்டிருந்தார். அந்த வார இதழில் அதற்கு சாரங்கபாணி சாரின் மதிப்புரை வந்திருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று மாணிக்கம் சார் நினைத்துவிட்டார். காப்பிக்குச் சொல்லி அனுப்பி, "நன்றியெல்லாம் எதுக்கு டீச்சர், இது எங்க கடமை" என்றார்.

"நன்றி சொல்ல வரலைங்க. விமர்சனம் எழுதினவங்களைப் பாக்கணும்."

அந்த நேரம் பார்த்து சாரங்கபாணி சார் உள்ளே வந்தார். டீச்சர் எழுந்து கும்பிட்டார். "கதையை மங்கலமா முடிச்சிருக்கேன்னு எழுதியிருக்கீங்க சார். என் கதையில கடைசியில வீடே காலியாயிடுதுங்க. நீங்க படிச்ச பிரதியைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

சாரங்கபாணி சார் ஒரு சாக்கும் சொல்லவில்லை. பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் மடிப்புப் பிரிந்திருந்தது, கடைசி மடிப்புப் பிரிந்திருந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் எழுதிய வாழ்த்துரை இருந்தது, மங்கலம் அதில்தான் இருந்தது. நடுவே அத்தனையும் அச்சகத்தில் மடித்தது மடித்தபடி. மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்புவது வழக்கம், அலமாரியில் இருந்த இன்னொன்றும் மடித்தபடியேதான். மாணிக்கம் சார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

டீச்சர் கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் குடையாலேயே நாலு போட்டிருப்பேன். அவர் குரல் உயரவே இல்லை. "பாராட்டுங்கன்னு நான் கேக்கலைங்க சார். ஸ்கூல்ல எல்லாரும் பாராட்டிட்டாங்க, ஒருத்தரும் படிக்கல. படிச்ச ஒரு ஆளு 'இது தேறாது, விட்டுடு'ன்னு சொன்னாக்கூட விட்டுடுவேன். அடுத்ததை எழுதறதா வேணாமான்னு எனக்குத் தெரியணும். அதைச் சொல்றதுக்கு எனக்கு வேற ஆள் இல்லீங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, என் கொண்டையைக் காட்டி, "அந்த ஊசியைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றார்.

கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கத் தொடங்கினார். அவசரம் இல்லை. பிள்ளைகளின் பரீட்சைத் தாளை அடுக்குவதுபோல அவ்வளவு பதனமாகப் பிரித்தார். கீழே மிஷின் நின்றிருந்தது. சரக், சரக் என்று அந்தச் சத்தம் மட்டும்தான். காப்பி வந்து ஆறிப்போனது. மாணிக்கம் சார் நாற்காலியை நகர்த்திப் போட்டும் சாரங்கபாணி சார் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி, அத்தனை பக்கமும் பிரிகிற வரை நின்றுகொண்டே இருந்தார்.  

கடைசி மடிப்பும் பிரிந்தது. டீச்சர் மடியில் விழுந்திருந்த தாள் பிசிறுகளைத் தட்டிப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "இப்பப் படிக்கச் சுலபமா இருக்கும் சார்."

குத்தல் இல்லை, கேலி இல்லை. நிஜமாகவே அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.  போயிட்டு வரேங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனார். அவிழ்ந்து விழுந்த கொண்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோதுதான் என் ஊசியும் அவரோடு போய்விட்டது தெரிந்தது.

அடுத்த இதழின் பக்கங்களைக் கட்டி அச்சுக்குப் பாரம் முடிக்கிற அன்று சாரங்கபாணி சார் வந்தார். கண் சிவந்திருந்தது. எழுதிக்கொண்டு வந்ததை மாணிக்கம் சாரிடம் நீட்டினார். முதல் வரி இது: "சென்ற இதழில் இந்நூலுக்கு மதிப்புரை எழுதியவன் நான். படிக்காமல் எழுதினேன். இப்போது படித்துவிட்டு எழுதுகிறேன்."

மாணிக்கம் சார் பதறிப்போனார். "இதைப் போட்டா நம்ம பத்திரிகை மானமே போயிடும் சார். முதல் வரியை மட்டும் எடுத்துடலாங்க."

"மானம் போன வாரமே போயிடுத்து ஓய். அதைத் திரும்பக் கூட்டிண்டு வரத்தான் இந்த வரி. இதை எடுத்தா மீதியையும் குடுத்துடும்."

புரூஃப் பார்த்தவள் நான். அதனால் அந்த மதிப்புரை பாதிக்கு மேல் இன்னும் மனப்பாடம். தயவு தாட்சண்யம் இல்லாத எழுத்து. கதாநாயகன் வாய் திறந்தால் நீதிபோதனை வகுப்பு நடக்கிறது, கல்யாணப் பகுதி வேண்டாத சதை என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கிணறு வெட்டும் அத்தியாயத்துக்கு வந்தார். "இதைப் படிக்கும்போது எழுந்து உட்கார்ந்தேன். பாறையில் உளி விழுவதும், மேலே நிற்கும் மனைவி கயிற்றின் இழுப்பை வைத்தே கீழே இருப்பவன் களைப்பை அறிவதும் என் கண்ணில் நிற்கின்றன. மற்ற அத்தியாயங்களை இவர் எழுதியிருக்கிறார். இதை மட்டும் பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதினால் போதும். இவர் கட்டாயம் அடுத்த நூலை எழுத வேண்டும்."

ஊரில் சிலர் சிரித்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அவர் காது படவே "படிச்சுட்டா, படிக்காமலா ஸ்வாமி?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் "இப்போ படிச்சுட்டு" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பாராம். அதன் பிறகு "ஆற்றொழுக்கு" என்ற சொல் அவர் பேனாவிலிருந்து வந்து நான் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மாணிக்கம் சாருக்குத்தான் பக்கம் நிரம்பாமல் திண்டாட்டம்.

டீச்சரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மனம் நொந்து எழுதுவதையே விட்டுவிட்டாரோ என்று எனக்குள் ஒரு அரிப்பு. சில வருஷம் கழித்து ஒரு பார்சல் வந்தது. தைலம்மையின் இரண்டாவது நாவல், வழக்கம்போல் இரண்டு பிரதிகள், பக்கம் பிரிக்காதவை. ஒன்றின் முதல் மடிப்பில் என் கொண்டை ஊசி செருகியிருந்தது. கறுப்புப் பூச்சு உதிர்ந்து லேசாகத் துருப்பிடித்திருந்தது. சாரங்கபாணி சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து, முதல் மடிப்பிலிருந்து ஆரம்பித்தார். அந்த நாவல் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கிணற்று அத்தியாயம் போலவே இருந்தது. 

இப்போது அந்தப் பத்திரிகை இல்லை. தென்னூரில் அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் செல்போன் கடை. மாணிக்கம் சாரும் இல்லை, சாரங்கபாணி சாரும் இல்லை. டீச்சர் மூன்றாவது எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. நாலு வீடு மாறியதில் என்னிடம் இருந்த பிரதிகளும் போய்விட்டன. கொண்டையே போய்விட்டது, ஊசிக்கு என்ன வேலை.

ஐந்து ஸ்டாரை இன்னும் அழுத்தவில்லை. மாடிப் பெண்ணின் புத்தகம் மேஜையில் இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறேன், தினம் கொஞ்சம் போகிறது. எல்லாப் பக்கமும் அச்சகத்திலேயே வழவழவென்று வெட்டி வந்துவிட்டன. அவள் குடையோடு படி இறங்கி வந்து "காட்டுங்க ஆன்ட்டி" என்று கேட்டாலும், நான் எதுவரை படித்தேன் என்பதைப் புத்தகம் அவளுக்குச் சொல்லாது.