கல்லூரி வாசலில் என் கணவர் படம்

போன தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.எட். முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே பனிமலைப் பகுதியில் அவருக்குப் பணி. நான் வெண்ணந்தூரில் மாமனார் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கல்லூரியில் செல்போனுக்குத் தடை என்பதால் போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டால் டிவியும் போடமாட்டார்கள், போன் அடித்தாலும் யார் காதிலும் விழாது.

எங்கள் பக்கத்து பிளெக்ஸ் பைத்தியம் ஊரறிந்தது. காதுகுத்தா, கல்யாணமா, புது லாரி வாங்கினார்களா, உடனே ஆளுயரப் படம் வைத்தாக வேண்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் அதில் சளைத்தவர்கள் இல்லை. அன்று பஸ் ஜன்னல் வழியே கல்லூரி வாசலில் ஒரு பிளெக்ஸ் தெரிந்ததும், இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாளோ என்று நினைத்துக்கொண்டே இறங்கி ரோட்டைக் கடந்தேன்.

சீருடையில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் அவர் பிறந்தநாளுக்கு நான் ஸ்டேட்டஸில் வைத்த அதே படம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே எங்கள் வகுப்பின் பெயர். மாலை வேறு போட்டிருந்தார்கள்.

‘பிறந்தநாள்தான் முடிந்துபோயிற்றே, இப்போது எதற்கு வைத்திருக்கிறார்கள்’ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி மரத்துப்போயிருந்தது புத்தி. அதற்குப் பிறகுதான் அந்த எழுத்து புரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பக்கத்தில் உட்காரும் தோழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “நீ இன்னைக்கு வரமாட்டேன்னு நெனச்சோம்டி, உனக்கு இன்னும் தெரியாதாடி?” என்று அழுதாள். பனிச்சரிவில் சிக்கி, சேலம் பக்கத்து ராணுவ வீரர் ஒருவர் இறந்துவிட்டார் என்று காலைச் செய்தியில் ஓடியிருக்கிறது. ஊர்ப் பெயர் வரவில்லை, எங்கள் ஊரும் சேலத்துக்குப் பக்கம்தான். வீரரின் பெயர், என் கணவர் பெயர். விடுதிப் பையன்கள் விசாரிக்கக்கூட நிற்காமல் பிளெக்ஸ் கடையைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். எல்லாம் என்மேல் இருந்த பாசத்தில் செய்ததுதான்.

அந்த நேரம் எங்கள் ‘மிலிட்டரி அண்ணன்’ பைக்கில் வந்து இறங்கினார். ஹவில்தாராக ஓய்வு பெற்று, நாற்பது வயதில் எங்களோடு பி.எட். படிக்க வந்தவர். திருச்செங்கோட்டுக்காரர். முதல் காரியமாகக் கயிற்றை அறுத்து பிளெக்ஸை இறக்கிச் சுருட்டினார். பிறகு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மிணி, ஊட்டுக்கு யாராச்சும் வந்து சேதி சொன்னாங்களா?”

“இல்லைங்கண்ணா.”

“அப்பறம் எதுக்குங்க அழுவறீங்க? பட்டாளத்துல மொதல்ல ஊட்டுக்குத்தான் சொல்லுவாங்க. எந்திரிங்க, கேட்டுப்போடலாம்.”

முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். முதல்வர் தன் போனில் என் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. எங்கள் தறியை அன்றைக்குத் திட்டியது போல் நான் என்றைக்கும் திட்டியதில்லை. அண்ணன் என் கணவரின் ரெஜிமெண்ட் பெயரைக் கேட்டுக்கொண்டு, தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் போட்டார். பேச்சு முழுக்க ஹிந்தி. எனக்கு ஒன்றும் விளங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அது வேறு யாராவதாக இருக்கட்டும்.

கடைசியில் அண்ணன் போனைக் கீழே வைத்தார். “உங்க ஊட்டுக்காரர் நல்லா இருக்காருங்க அம்மிணி. சாயங்காலம் பேசச் சொல்லியிருக்கறேன்” என்றார்.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். தோழி என்னைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டாள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார். அண்ணன் மட்டும் டீயைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “எறந்தவரு ஆத்தூர்ப் பக்கமுங்க. அதே பேரு. ஊட்டுல சின்ன வயசுச் சம்சாரமாமுங்க” என்றார்.

கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காலையில் வாசலில் பார்த்தது கூட இந்த அளவுக்கு என்னை உலுக்கவில்லை. ‘வேறு யாராவது’ என்று நான் வேண்டிக்கொண்டேனே, அந்த யாரோவுக்கும் ஒரு மனைவி இருப்பாள் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை? அவள் வீட்டில் எந்த அண்ணனும் போய், தப்பான சேதி என்று சொல்லப்போவதில்லை. சாயங்காலம் கணவர் பேசியபோது எனக்கு அழத்தான் முடிந்தது.

அதன் பிறகு ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவசரச் சேதி வந்தால் சொல்ல, அலுவலகத்தில் தனியாக ஒரு போன் வைத்து, அந்த எண்ணை வீட்டில் கொடுத்துவைக்கச் சொன்னார் முதல்வர். நானும் அண்ணனும் ஆத்தூர் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். பிளெக்ஸ் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. டிகிரி முடித்தவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வீரர்களின் குடும்பத்துக்கு உள்ள சலுகைகளை அண்ணன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். திரும்பத் திரும்பப் போய் வந்து, அவளுக்காக அலைந்ததும் அவர்தான்.

இந்த வருடம் அவள் எங்கள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். புதிதாகச் சேர்பவர்களுக்கு வாசலில் வரவேற்பு பிளெக்ஸ் வைப்பது வழக்கம். இந்த முறை வேண்டாம் என்று எங்கள் வகுப்புப் பையன்களே சொல்லிவிட்டார்கள்.

சேர்ந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். “ஏன்க்கா, எப்பப் பாத்தாலும் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்னே சொல்றீங்களே, அவர் பேரு என்னக்கா?”

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன்.

அவள் அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. எங்க வீட்ல இப்ப யாரும் அந்தப் பேரைச் சொல்றதே இல்லை” என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன்.

அன்றிலிருந்து நான் போனில் ‘என்னங்க’ என்று ஆரம்பிப்பதில்லை, கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவர் “சொல்லு” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுக்கும்போதெல்லாம், அதே பெயரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட அவள் முகம் என் முன்னால் வந்து நிற்கிறது.