சம்பந்தியின் கார்

மெக்கானிக்குக்குப் பட்டறைப் பக்கம் ‘ம்’ என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் அவர் பதில் அதுதான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டாரிடம் அந்த ‘ம்’ கூடக் குறைந்தது. வாய் தவறி எதையாவது சொல்லி, அது பெண்ணுக்கு வினையாகிவிடக் கூடாதே.

ஒருநாள் காலையில் சம்பந்தி காரோடு வந்து நின்றார்.

"முன் சக்கரத்துல ஈரமா இருக்கு. தண்ணியாத்தான் இருக்கும்..." என்று இழுத்தார்.

மெக்கானிக் தொட்டுப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. பிரேக் ஆயில். பத்து நாள் முன்பு அந்தச் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவர் அவரேதான்.

உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். பழைய கார், யாரும் நம்புவார்கள். அவர் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பொட்டு ஈரமில்லாமல் துடைத்தார். குறைந்திருந்த ஆயிலை நிரப்பினார்.

"உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க, சம்பந்தி."

டார்ச்சோடு குனிந்து பார்த்தார். பிஸ்டன் ஓரம் காய்ந்தே கிடந்தது. ஆயில் வரும் ஹோஸைக் காலிப்பரோடு இறுக்கும் போல்ட்டின் அடியில்தான் ஒரு சொட்டு மெல்லத் திரண்டது. போல்ட்டைக் கழற்றினார். உள்ளே, கசிவை அடைக்கும் செம்பு வாஷர், நசுங்கிய பழையது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடக் கூடாது. அன்று புதியது கைக்கு அகப்படவில்லை, அவசரத்தில் பழையதையே போட்டிருந்தார்.

வாஷரை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "என் தப்புதான். பழசையே போட்டுட்டேன்."

சம்பந்தி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு நாளாவே பிரேக் மிதிச்சா உள்ள போச்சு. பொண்ணு எடுத்த இடத்துல போய் எப்படிக் குறை சொல்றதுன்னு இருந்துட்டேன். நேத்து மருமகளையும் குழந்தையையும் வெச்சுத்தான் ஓட்டினேன்."

மெக்கானிக் வாஷரைத் தரையில் வீசினார்.

"என்ன மனுஷன்யா நீங்க!" குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல! மரியாதை பார்க்கிற விஷயமா இது?"

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது. சம்பந்தி கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்களும் பேசுவீங்க," என்றார்.

புது வாஷர்கள் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அரைமணி நேரம் ஆனது. மிதிங்க, பிடிங்க, விடுங்க என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, சம்பந்தி வியர்க்க விறுவிறுக்க மிதித்தார். பெடல் கல்லுப்போல நின்றது. போல்ட்டைச் சுற்றி விரலை ஓட்டினார் மெக்கானிக். ஈரம் இல்லை.

"சொல்லலாம்னா, இன்னொண்ணும் இருக்கு," என்றார் சம்பந்தி. "கியர் மாத்துறப்ப கரகரங்குது."

"தள்ளி உக்காருங்க. ஓட்டிப் பாத்துடலாம்."