வேதத்தில் இல்லாத வசனம்

ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே வசனத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அது வேதத்தில் இல்லை என்று சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் அது நான் செய்த தீங்கு.

செம்பாக்கத்தில் வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றிருந்த நான் அங்கே வேதபாடம் எடுத்தேன். யாராவது வசனத்தைத் தப்பாகச் சொன்னால் அந்த நிமிடமே திருத்திவிடுவேன். "சார் பரலோகத்துக்கே செவப்புப் பேனாவோடதான் போவாரு" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்ற அந்த அம்மாள் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. படிக்கத் தெரியாது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு வியாழன் எழுந்து நின்று சாட்சி சொன்னார்.

"மார்ல கட்டி கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர்ற திங்கக்கெழம ஆபரேசன். எனுக்கு பயமில்ல. 'உன் வாசப்படியிலயே குந்திகினு கீறேன்'னு ஆண்டவரு வேதத்துல சொல்லிகீறாரே, அது போதும்."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் மட்டும், "அப்படி ஒரு வசனம் கிடையாதும்மா" என்றேன்.

"கீது சார்" என்று சிரித்தார். "எங்க வூட்டுக்காரரு போன அன்னிக்கு கேட்டேனே."

"எந்த அதிகாரம்?"

எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் தடித்த அகராதி என் மடியில் இருந்தது. எல்லார் முன்னிலையிலும் 'வாசல்' பார்த்தேன், 'படி' பார்த்தேன். "இல்லை" என்று மூடினேன்.

அவர் உட்கார்ந்தார். "அப்ப இத்தினி வருசமா எங்கூட பேசினது யாரு சார்?" என்று கேட்டார்.

வசனத்துக்கு வெளியே கேட்கும் குரல்களை நம்பக்கூடாது என்றேன். அதையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போனபோது, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர் கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"போகலியா?"

"பயமா கீது சார்."

அன்றிலிருந்து எனக்குள்ளும் பயம் புகுந்தது. இவர் செத்துப்போனால் நியாயத்தீர்ப்பு நாளில் என்ன பதில் சொல்வேன்? வேதத்தைத் திறந்தால் மந்தையைச் சிதறடித்த மேய்ப்பர்கள் மேல் விழுந்த சாபங்கள்தான் கண்ணில் பட்டன.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இன்னொரு மொழிபெயர்ப்பில் அந்த வசனம் இருக்கிறது என்று பொய் சொல்லி, புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியில் விரல் வைத்து, அவருடைய வாக்கியத்தையே வாசித்துக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், படிக்கிறவங்க வெரல் நவுரும். உங்க வெரல் ஒரே எடத்துல நிக்குது."

புத்தகத்தை மூடினேன். "ஆமாம்மா, பொய்தான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா அது என்னாலதான். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"உங்களுக்குமா?" என்றார். பிறகு, "அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க வந்து குந்துங்க. நான் உள்ள போறேன்."

மறுபடி தேதி கிடைக்க ஒரு மாதமானது. தாம்பரத்திலிருந்து இருவரும் ரயிலில் போனோம். ஆபரேஷன் அறை வாசலில் பெஞ்சு காலியில்லை, தரையில் உட்கார்ந்தேன். மனப்பாடமாகத் தெரிந்த நூற்றுக்கணக்கான வசனங்களில் ஒன்றும் நாக்கில் வரவில்லை. அவருடைய வாக்கியம்தான் வந்தது. அவர் சொன்ன மாதிரியே, 'குந்திகினு' என்றே, திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஜெபமா பாவமா என்று அப்போதும் பயமாகத்தான் இருந்தது.

பிழைத்துக்கொண்டார். "முன்னாடியே வந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்னதை அவரும் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

மறுபடி கீரை விற்றார், வியாழக்கிழமைகளில் வந்தார். ஆனால் ஜெபத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்.

"சார், இது வேதத்துல கீதா?"

எல்லாரும் சிரிப்பார்கள். "கீதும்மா, சொல்லுங்க" என்பேன். தொடர்வார். அந்த ஒரு வசனத்தை மட்டும் அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.